செறுதுருத்தியில் கற்ற அரைமண்டி

ஆலுவாவில் நான் ஏறிய ரயில் திருச்சூரைத் தாண்டியதும் மழை வலுத்தது. ஜன்னலை இறக்கிவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்த மூதாட்டி, "இனி ஷொர்ணூர் வரைக்கும் இப்படித்தான்" என்று தமிழிலேயே சொன்னார். பாலக்காட்டுக்காரராம். வள்ளத்தோள் நகர் என்ற சின்ன நிலையத்தை வண்டி நிற்காமல் கடந்தது. சற்று நேரத்தில் பாலம். கீழே பாரதப்புழா, உள்ளூர்க்காரர்கள் நிளா என்கிறார்கள். கோடையில் மணல் திட்டும் புல்லுமாகக் கிடக்கும் ஆறு என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் போன ஜூலை மாதத்தில் அது கரை முட்டச் செந்நீராக ஓடியது.

ஷொர்ணூரில் இறங்கி ஆட்டோ பிடித்து, வந்த ஆற்றையே சாலைப் பாலத்தில் மறுபடி கடந்தால் செறுதுருத்தி. கேரள கலாமண்டலம் இருக்கும் ஊர். பரதநாட்டிய ஆசிரியைக்குக் கதகளி ஊரில் என்ன வேலை என்று கிள்ளானில் என் வீட்டுக்காரரே கேட்டார். சென்னைக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் யாரும் காரணம் கேட்டிருக்க மாட்டார்கள்.

காரணம் ஒரு முட்டி.

என்னிடம் ஆறு வயதில் சேர்ந்த மாணவி அவள். அப்போது பதின்மூன்று வயது. டிசம்பரில் அரங்கேற்றம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, சென்னையில் உடைக்கு அளவு கொடுத்தாகிவிட்டது. மார்ச் மாதம் முதல் அரைமண்டியில் உட்காரும்போது அவள் முகம் சுளிப்பதைக் கவனித்தேன். "கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும், பழகிடும்" என்றேன். இருபது ஆண்டுகளாக நான் சொல்லிவரும் வாக்கியம் அது. என் ஆசிரியர் எனக்குச் சொன்னது, அவருடைய ஆசிரியர் அவருக்குச் சொல்லியிருப்பார்.

சொன்னதோடு நான் நிற்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். வகுப்புத் தொடங்கும்போது பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, இரு உள்ளங்கால்களையும் சேர்க்கச் சொல்லி, முட்டிகளைத் தரையை நோக்கி விரிக்கச் சொல்வேன். 'வண்ணத்துப்பூச்சி' என்று பிள்ளைகளுக்குச் செல்லப் பெயர். யாருடைய முட்டி தரையைத் தொடவில்லையோ, அவர்கள் பின்னால் போய் நின்று இரு கைகளாலும் அழுத்துவேன். அந்தப் பெண்ணை அதிகமாக அழுத்தினேன், அரங்கேற்றப் பிள்ளை ஆயிற்றே!

ஏப்ரலில் அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை. அவர்கள் வீடு நான்காவது மாடியில், மின்தூக்கி இல்லாத அடுக்ககம். அவள் அம்மா தொலைபேசியில், "டீச்சர், ஆறு வாரத்துக்கு ஆடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மண்டபக் காசு போனாப் போவுது. பிள்ளைக்குக் கால் சரியாயிடுமா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பிசியோதெரபிக்கு அவர்களோடு நானும் போனேன். அந்தப் பிசியோ இளம்பெண்தான், ஆனால் வேலையில் கறார். பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்து, முட்டியை மடக்கிக் கீழ்க்காலை மேல்நோக்கி நிறுத்தினார். பிறகு அதை மெல்ல உள்பக்கமாகச் சாய்த்தார். கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. "தொடை எலும்பு இடுப்புக் குழிக்குள்ள வெளிப்பக்கம் திரும்பறது இவ்வளவுதான். குழி எப்படி அமைஞ்சிருக்கோ அதுதான் எல்லை. தசையை நீட்டலாம், எலும்பை நீட்ட முடியாது. நீங்க பாதம் ரெண்டும் பக்கவாட்டுல நேர்கோடா நிக்கணும்னு கேட்டிருக்கீங்க. இடுப்பு கொடுக்காத மீதியை இந்தப் பிள்ளை முட்டியில இருந்தும் கணுக்கால்ல இருந்தும் எடுத்துக் கொடுத்திருக்கா."

அடுத்து நிற்கச் சொன்னார். படுத்திருக்கும்போது இடுப்பு எவ்வளவு திரும்பியதோ, நிற்கும்போது அவ்வளவுகூட அவளால் திருப்பிப் பிடிக்க முடியவில்லை. "திரும்பறதுக்கு இடம் இருக்கு, பிடிச்சு நிறுத்தத் தசையில பலம் இல்ல. ஏழு வருஷமா இவள இழுத்திருக்கீங்க, பலப்படுத்தவே இல்ல" என்றார். மாணவியின் முன்னால் அதைக் கேட்பது சுலபமாக இல்லை.

சிங்கப்பூரில் எனக்கு ஒரு தோழி உண்டு. அங்கே 1952இல் தொடங்கிய பாஸ்கர் ஆர்ட்ஸ் அகாடமி பரதத்தோடு கதகளியையும் மேடையேற்றும் நிறுவனம். அவர்களுடைய கதகளியை நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்திருக்கிறோம். நடந்ததைச் சொன்னதும் அவள், "கதகளிக்காரங்க நம்மளவிட அகலமா உட்கார்றாங்க, அதுவும் பாதத்தோட வெளிவிளிம்புல நின்னுக்கிட்டு. அந்தப் பிள்ளைகளை எப்படித் தயார் பண்றாங்கன்னு போய்ப் பாரு" என்றாள். அதுதான் பயணத்துக்கு வித்து.

கலாமண்டலத்தை 1930இல் நிறுவியவர்களில் முதன்மையானவர் மகாகவி வள்ளத்தோள் நாராயண மேனன். இளமையிலேயே செவித்திறனை இழந்தவர். செண்டையும் மத்தளமும் முழங்கும் கலை அழிந்துவிடக் கூடாது என்று பாடுபட்டவருக்கு அந்த முழக்கம் கேட்டிருக்காது என்பதை நினைத்தால் என்னவோ செய்கிறது. பணத்துக்கு லாட்டரி நடத்தியவர் அவர். பழைய கலாமண்டலம் ஆற்றங்கரையில் இருக்கிறது, அவருடைய சமாதியும் அங்கேதான். இன்றைய பெரிய வளாகம் ஊருக்குள். 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. பெண்களைக் கதகளி படிக்கச் சேர்த்துக்கொள்ள மட்டும் 2021 வரை ஆகிவிட்டது.

பார்வையாளர்கள் கட்டணம் செலுத்திவிட்டு வாரநாள்களில் காலை வகுப்புகளைச் சுற்றிப் பார்க்க ஏற்பாடு உண்டு. வகுப்பறையைக் களரி என்கிறார்கள். ஓட்டுக் கூரை, காற்று நன்றாக வருகிறது. ஒரு களரியில் மிழாவு, இன்னொன்றில் செண்டை, அடுத்ததில் பெண் பிள்ளைகளின் மோகினியாட்டம். மழைச் சத்தத்துக்கு மேல் எல்லாம் கலந்து கேட்டது.

நான் நெடுநேரம் நின்றது கதகளிக் களரி வாசலில். பத்துப் பன்னிரண்டு பையன்கள், இடுப்பைச் சுற்றி நீளத் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கச்சை. ஆசான் கையில் கழி, முன்னால் மரக்கட்டை. நம் தட்டுக்கழி, தட்டுமனை போலத்தான். பையன்கள் முட்டிகளை அகல விரித்து உட்கார்ந்தார்கள். முதுகு உள்வளைந்து, கால் பெருவிரல் மேல்நோக்கி நிமிர்ந்து, எடை முழுவதும் பாதத்தின் வெளிப்புற விளிம்பில். அப்படியே காலைத் தூக்கி வைத்தார்கள். கால் சாதகம் என்று பெயர். முதலில் விளம்பம், மிகவும் நிதானம். ஒரு காலைத் தூக்கி வைப்பதற்குள் நான் இரண்டு முறை மூச்சு விட்டேன். மற்றக் காலின் தொடை நடுங்கியது, ஆனாலும் உயரம் மாறவில்லை. பிறகு இரண்டாம் காலம், மூன்றாம் காலம்.

எனக்கு இரண்டு விஷயங்கள் உறைத்தன. நாங்கள் அடவை மெதுவாகச் செய்வது பிள்ளைக்கு மனப்பாடம் ஆவதற்காக. இங்கே மெதுவாகச் செய்வது தசைக்காக. முதல் காலத்தில் தசை தாங்கினால்தான் மூன்றாம் காலம் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். என் வகுப்பில் பெற்றோர் வந்து பார்க்கும் நாளில் மூன்றாம் காலத்தைத்தான் முதலில் எடுப்பேன்.

இன்னொன்று, வரிசைக் கடைசியில் நின்ற சிறுவன். மற்றவர்களைவிட ஒரு சாண் உயரத்தில்தான் உட்கார்ந்திருந்தான். ஆசான் அவனைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இடைவேளையில் நான் கேட்டதற்கு, "அவன் புதிது. தசை வரும்போது அவனே இறங்குவான்" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அந்தக் களரியில் இருந்த இரண்டு மணி நேரத்தில் யாரும் யாரையும் தொட்டு அழுத்தவில்லை.

அப்படியென்றால் உழிச்சில்? கதகளி என்றாலே சொல்லப்படும் அந்தக் கால் மசாஜ்? அது விடிவதற்கு முன்னால், மழைக்காலத்தில் பல வாரங்கள் தொடர்ந்து நடப்பது. பார்வையாளருக்கு உரியதல்ல, நானும் கேட்கவில்லை. ஆனால் நான் தங்கிய வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வயதான ஆசான் இருந்தார். கலாமண்டலக்காரர் அல்லர், சிறுவயதில் சொந்த ஊர்க் களரியில் கற்று, பல ஆண்டுகள் கோயில்களில் ஆடியவர். மாலையில் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பாலக்காட்டுத் தமிழ் பேசுவார். மலேசியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் ரப்பர் விலையைத்தான் முதலில் விசாரித்தார்.

அவர் சொன்ன கதை இது. விடியற்காலை எழுப்பிவிடுவார்கள். உடம்பு முழுக்க எண்ணெய். எண்ணெயோடு குதிக்க வேண்டும். கால் சாதகம், உடம்பைச் சுழற்றும் சுழிப்பு, மறுபடி குதி. வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து வழிந்த பிறகுதான் குப்புறப் படுக்கச் சொல்வார்கள், தவளை மாதிரி முட்டியை இருபக்கமும் விரித்து. மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆசான் காலால் உழிவார். எடையைக் கயிற்றில் வைத்திருப்பார், எவ்வளவு இறக்குவது என்பது அவர் பாதத்துக்குத் தெரியும். முடிந்ததும் பகலில் வெயிலில் அலையக் கூடாது, தூங்க வேண்டும், சாப்பாட்டிலும் பத்தியம்.

"டீச்சரே, சூடு இல்லாத உடம்பில் ஆசான் கால் வைக்க மாட்டார்" என்றார் அவர்.

நான் என் வகுப்பை நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை மாலை மூன்று மணி. பிள்ளைகள் டியூசனிலிருந்து நேராக, குளிரூட்டி போட்ட காரில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வருவார்கள். மண்டபத்திலும் குளிரூட்டி. பளிங்கு போன்ற ஓடு பதித்த தரை. வந்ததும் வண்ணத்துப்பூச்சி, வந்ததும் என் கை. எண்ணெயும் இல்லை, குதியும் இல்லை, வியர்வையும் இல்லை, தூக்கமும் இல்லை. அந்தப் பெரிய ஏற்பாட்டிலிருந்து அழுத்தத்தை மட்டும் எடுத்து வைத்திருந்தோம்.

உழிச்சிலை நான் பரிந்துரைக்கிறேன் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். வளரும் பிள்ளையின் இடுப்பின் மீது பெரியவர் எடை இறங்குவது எனக்கு இன்னமும் சம்மதம் இல்லை. ஆசானும் அதை அலங்கரித்துப் பேசவில்லை. தன் முட்டியைத் தட்டிக் காட்டி, "இது போய்ப் பதினைந்து வருஷம். எங்கூடப் படிச்சவனில் பாதிப் பேர் இடையிலேயே நிறுத்தினான். நின்றவனைத்தான் நீங்க மேடையில் பார்த்தது" என்றார். அதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். தாங்கியவர்களின் உடலைப் பார்த்துவிட்டு முறை நல்லது என்கிறோம். தாங்காதவர்கள் நம் கண்ணில் படுவதே இல்லை.

ஊரில் மோகினியாட்டம் கற்பிக்கும் ஒரு சேச்சியையும் சந்தித்தேன். வீட்டு முன்கூடத்தில் மாலை வகுப்பு. பழைய பயிற்சியும் தெரியும், இயன்முறை மருத்துவரிடம் தான் பெற்ற சிகிச்சையிலிருந்து கற்றதும் தெரியும் என்பதால் அவருடைய வகுப்பு எனக்கு அதிகம் உதவியது. அங்கே மூன்று மாலைகள் பிள்ளைகளோடு பிள்ளையாக நின்றேன். ஐம்பதை நெருங்கும் என்னைப் பார்த்து அவர்கள் சிரித்தது நியாயம்தான்.

அங்கு முதல் பத்து நிமிடம் நீட்டலே கிடையாது. முன்கூடத்தைச் சுற்றி நடை, பிறகு மெதுவோட்டம், கைவீச்சு, காலை முன்னும் பின்னும் பக்கமும் வீசுதல், பாதி உயரத்தில் உட்கார்ந்து எழுதல். நெற்றியில் லேசாக வியர்வை துளிர்த்தால்தான் அடுத்தது. குளிர்ந்த உடம்பை நீண்ட நேரம் இழுத்துப் பிடித்துவிட்டு உடனே ஆடினால் தசையின் விசை சற்று நேரத்துக்குக் குறைகிறது என்பது இன்றைய விளையாட்டு மருத்துவத்தில் நிறுவப்பட்ட செய்தி. அதனால் நிமிடக்கணக்கில் பிடித்து நீட்டுவதை வகுப்பின் முடிவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அப்போதும் ஒரு நீட்டலுக்கு 20 முதல் 30 விநாடி. எம்பி எம்பி இழுக்கக் கூடாது. மூச்சைப் பிடிக்கக் கூடாது. அடுத்தவர் கை படக் கூடாது. பிள்ளையின் முட்டி எங்கே நிற்கிறதோ அங்கேதான் அன்றைய எல்லை.

நீட்டலைவிடச் சேச்சி அதிக நேரம் செலவிட்டது பலப்படுத்தலுக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி, உயர்த்தியதைவிட மெதுவாக இறக்க வேண்டும். இரண்டு காலிலும் சுலபமாக வந்த பிறகு ஒற்றைக் காலில். கெண்டைக்காலில் பலம் இல்லாத பிள்ளைதான் குதித்து இறங்கும்போது 'தொம்' என்று விழுகிறது. அந்த அதிர்ச்சியை ஓடு பதித்த தரை வாங்கிக்கொள்ளாது, முட்டிக்கே திருப்பி அனுப்பிவிடும். மலேசியாவில் மரத்தரை போட்டு வகுப்பு நடத்த நம்மில் எத்தனை பேருக்கு வசதி இருக்கிறது? தரையை மாற்ற முடியாதவர்கள் முழுமண்டியையும் குதிகளையும் எண்ணிக்கையில் குறைத்துக்கொள்ளலாம், இறங்கும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கலாம்.

அடுத்தது பக்கவாட்டில் படுத்து, முட்டிகளை மடக்கி, பாதங்களைச் சேர்த்து வைத்து, மேல் முட்டியை மட்டும் சிப்பி திறப்பது போலத் திறந்து மூடுவது. பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கிறது. பன்னிரண்டாவது முறையில் இடுப்பின் பின்பக்கத்தில் தீ வைத்தது போல எரிந்தது எனக்கு. தொடையை வெளிப்பக்கம் திருப்பும் தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அரைமண்டி உண்மையில் அங்கிருந்து வர வேண்டும். முப்பது ஆண்டுகளாக அரைமண்டி உட்காரும் எனக்கு அந்த இடத்தில் பலம் இல்லை என்பதைச் செறுதுருத்தியில் ஒரு பாயில் படுத்துத் தெரிந்துகொண்டேன்.

மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கி நிறுத்தும் பாலம், தரையில் விரித்த துண்டைக் கால் விரல்களால் சுருட்டி இழுப்பது, ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடுவது எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் தினமும் செய்வதில்லை. பலப்படுத்தும் பயிற்சி வாரத்தில் இரண்டு மூன்று நாள், இடையில் ஓய்வு. தசை வளர்வது ஓய்வில்தான் என்று சேச்சி சொன்னபோது, ஆசான் சொன்ன பகல் தூக்கம் நினைவுக்கு வந்தது.

கடைசி மாலை அவர் ஒரு பிள்ளையை அழைத்து என் முன்னால் நிறுத்தினார். "முன்னாடி இருந்து பாருங்க. முட்டிச்சில்லு எங்க பார்க்குது? பாதத்தோட ரெண்டாவது விரல் எங்க பார்க்குது?" இரண்டும் ஒரே திசையில் இருந்தன. பிறகு, "இப்பப் பாதத்தை மட்டும் இன்னும் திருப்பு மோளே" என்றார். பாதம் திரும்பியது, முட்டி திரும்பவில்லை. பாதத்தின் உள்வளைவு சரிந்து தரையோடு ஒட்டியது. பின்புறம் துருத்தியது. என் மாணவி ஏழு ஆண்டுகள் நின்ற நிலை அதுதான். அதை நான் அழகு என்று மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன்.

பெற்றோருக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். வகுப்பு வாசலில் காத்திருக்கும்போது உங்கள் பிள்ளையை நேர் எதிரில் நின்று பாருங்கள். முட்டி உள்ளே விழுந்தால், பாத வளைவு சரிந்தால், இன்னும் கொஞ்சம் உயரத்தில், இன்னும் கொஞ்சம் குறைவாகத் திருப்பி உட்காரச் சொல்லி ஆசிரியரிடம் பேசுங்கள். தசையில் எரிச்சலும் மறுநாள் மந்தமான வலியும் பயிற்சியில் சகஜம். மூட்டுக்குள் ஊசி குத்துவது போன்ற வலி, வீக்கம், படியேறும்போது வலி, இவை சகஜமல்ல. பத்திலிருந்து பதினான்கு வயதுக்குள் திடீரென உயரும் பிள்ளைகளிடம் கூடுதல் கவனம் தேவை. எலும்பு முந்திக்கொண்டு வளரும், தசை இறுகி நிற்கும். நேற்று வரை வளைந்த பிள்ளை இன்று வளையவில்லை என்றால் அது சோம்பல் அல்ல.

இதற்கு நேர்மாறான பிள்ளைகளும் உண்டு. என் வகுப்பில் ஒருத்தி காலை எப்படி வேண்டுமானாலும் மடக்குவாள், 'ரப்பர் பிள்ளை' என்பார்கள். அவளைத்தான் முன்வரிசையில் வைப்பேன். சேச்சியிடம் அவளுடைய காணொளியைக் காட்டினேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இவளுக்கு நீட்டலே வேண்டாம், பலம் மட்டும் கொடுங்க. மூட்டைப் பிடிச்சு வைக்க ஆளில்லை இவளுக்கு" என்றார்.

ஊர் திரும்பிய முதல் சனிக்கிழமை நடந்ததைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளை மண்டபத்தைச் சுற்றி ஓடவிட்டேன். குளிரூட்டியை நிறுத்தினேன். இருபது நிமிடம் கழித்தும் தட்டடவு தொடங்காததைக் கண்டு ஒரு தந்தை வாசலுக்கு வந்து, "டீச்சர், இது ஜிம்மா?" என்றார். மாதம் கட்டும் கட்டணத்துக்கு இந்த ஆண்டு எத்தனை உருப்படி என்று இன்னொருவர் கணக்குக் கேட்டார். இரண்டு பிள்ளைகள் வேறு வகுப்புக்குப் போய்விட்டார்கள். அந்த வகுப்பில் ஆண்டுக்கு ஒரு சலங்கை பூஜை நடக்கிறது. என்னால் அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. போன ஆண்டு வரை நானும் அப்படித்தான் பிள்ளைகளைச் சேர்த்தேன்.

நேரக் கணக்கும் கடினம்தான். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். அதில் முதல் கால் மணி சூடேற்றல், கடைசிப் பத்து நிமிடம் நீட்டல், நடுவில் பலப்படுத்தல் என்று வெட்டினால் நாட்டியத்துக்கு முக்கால் மணிக்குச் சற்றுக் கூடத்தான் மிஞ்சுகிறது. செறுதுருத்தியில் பிள்ளைகள் கலையோடு வசிக்கிறார்கள். இங்கே பியானோ, நீச்சல், டியூசன் நடுவே கலை வந்து போகிறது. ஆகவே சிப்பியையும் குதிகால் உயர்த்தலையும் வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டேன். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது இப்போது பல வீடுகளில் நடக்கிறதாம். ஒரு பாட்டியும் சேர்ந்து செய்கிறார் என்று கேள்வி. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு செய்தால் நல்லது.

அந்த மாணவியின் முட்டி சரியாக நான்கு மாதம் பிடித்தது. டிசம்பர் அரங்கேற்றம் நடக்கவில்லை. மண்டப முன்பணத்தை நான்தான் கொடுத்தேன். அவள் அம்மா வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். "நீங்க வேணும்னா செஞ்சீங்க, டீச்சர்?" என்று அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. மறு ஆண்டு ஆகஸ்டில் அரங்கேற்றம் நடந்தது. அவளுடைய அரைமண்டி முன்பைவிட நான்கு விரல்கடை உயரத்தில் இருந்தது. பாதங்கள் நேர்கோட்டில் இல்லை, அகன்ற 'வி' வடிவில். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மூத்த ஆசிரியை ஒருவர் இடைவேளையில் என் காதருகே, "பிள்ளை இன்னும் நல்லா உட்காரலாமே" என்றார். இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு தில்லானாவின் கடைசித் தீர்மானத்தில் அவள் அதே உயரத்தில், ஒரு அங்குலமும் மாறாமல் உட்கார்ந்ததை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. நான் அதை மட்டும்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சனிக்கிழமைகளில் அவள் சீக்கிரம் வந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சூடேற்றல் சொல்லிக்கொடுக்கிறாள். போன வாரம் ஆறேழு பிள்ளைகள் சுவரைப் பிடித்து வரிசையாகக் குதிகாலை உயர்த்தி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு குட்டி திரும்பி, "அக்கா, எப்ப டான்ஸ் ஆரம்பிக்கும்?" என்று கேட்டாள்.

"இன்னும் எட்டு எண்ணு, சொல்றேன். மெதுவா இறக்கு" என்றாள் அவள்.